ஒரு மார்க்கெட்டுக்கு ஒரு காலேஜ்

டீச்சரான்னு கேக்கீங்க. டீச்சர்னுதான் சொல்லிக்கிடணும். ஆனா கரும்பலகையில எழுதிப் பாடம் நடத்துன டீச்சர் இல்லம்மா. பி.டி. மிஸ். விளையாட்டுக்கு. ஆலடிவிளை பொம்பளப் பிள்ளைங்க காலேஜ்ல முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கேன். மே மாசம் ரிடையர் ஆனேன். பேரு தங்கபுஷ்பம்.

இப்ப கல்லத்திகுளத்துல பாஸ்கெட்பால் மேட்ச் பாத்துட்டு வாறேன். எங்க காலேஜுக்கும் கல்லத்திகுளம் காலேஜுக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பஸ்ஸு வாற வரைக்கும் கால் நீட்டிக்கிடுதேன். முட்டு ரெண்டும் போச்சு. சிமெண்டுத் தரையில முப்பத்திரண்டு வருஷம் நின்னா வேற என்ன செய்யும்?

ரெண்டு ஊருக்கும் நடுவுல பதினெட்டு கிலோமீட்டர்தான். இந்தப் பக்கம் மொத்தம் எட்டு காலேஜு சேந்து ஒரு லீக் வச்சிருந்தோம். ஜூலையில ஆரம்பிச்சா பிப்ரவரி வரைக்கும், சனிக்கிழமை சாயங்காலம் மேட்ச். எட்டுல மத்த ஆறும் சும்மா பேருக்கு. எங்களுக்கும் கல்லத்திகுளத்துக்கும்தான் போட்டி. அன்னைக்குக் கூட்டத்தைப் பாக்கணுமே. இங்க வீட்டுக்கு வீடு பீடி சுத்துறவங்கதானே. தட்டை இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்துருவாங்க. கண்ணு ரிங்குல இருக்கும், கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும். ரெஃப்ரி தப்பா ஊதுனா ஏச்சு விழும் பாருங்க, காதுல கேக்க முடியாது. எங்க ஊருலயும் அப்படித்தான், அங்கயும் அப்படித்தான்.

கல்லத்திகுளத்துல பி.டி. மிஸ் சங்கரகோமதி. அவளும் நானும் காலேஜ்ல ஒரே டீம். யுனிவர்சிட்டி டீம்லயும் ஒண்ணா ஆடுனோம். நான் பந்தை எடுத்துட்டு வந்து குடுப்பேன், அவ ரிங்குல போடுவா. பேப்பர்ல அவ பேரு வரும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. குடுக்கிறவ பேரை எந்தப் பேப்பர்ல போட்டான்? பெறகு ரெண்டு பேரும் ரெண்டு காலேஜ்ல வேலைக்குச் சேந்தோம். கடைசி அஞ்சு வருஷத்துல நாலு தடவை அவதான் கப்பு வாங்குனா. நான் ஒண்ணும் எண்ணிக்கிட்டு இருக்கல. சும்மா ஞாபகம் இருக்கு.

எல்லாத்தையும் கெடுத்தது அந்த டிவிக்காரங்கதாம்மா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஏப்ரல் மாசம் இருக்கும். ஒரு சானல் பொம்பளப் பிள்ளைங்க காலேஜ் பாஸ்கெட்பாலை டிவியில காட்டப்போறதா மாநில சங்கத்துக்கிட்டப் பேசி முடிச்சுட்டாங்க. பழைய லீக் எல்லாத்தையும் கலைச்சு, தமிழ்நாடு முழுக்க எட்டே எட்டு காலேஜை மட்டும் எடுத்து 'சூப்பர் டிவிஷன்'னு ஒண்ணு. அதுதான் டிவியில வரும். மிச்சம் உள்ளதுக்கெல்லாம் டிவிஷன் டூ. அது எப்படியோ ஆடிக்கிடட்டும், கேக்க ஆள் இல்ல.

சானல்ல இருந்து வருண்னு ஒரு தம்பி வந்தாரு. மெட்ராஸ் ஆளு. எங்க ஸ்டோர் ரூம்ல, பந்துக் கூடைக்குப் பக்கத்துல உக்காந்து லேப்டாப்பைத் திறந்து வச்சு விளக்குனாரு. "டிவி பாக்கிறவங்களைக் கணக்கெடுக்க எல்லா வீட்டுலயும் போய்க் கேக்க முடியாது மேடம். சில வீட்டுல மட்டும் ஒரு பெட்டி வச்சிருப்பாங்க. அந்தப் பெட்டிதான் யார் எதைப் பாக்குறாங்கன்னு சொல்லும். பெட்டி எங்க நிறைய இருக்கோ அதுதான் எங்களுக்கு மார்க்கெட்."

எங்களுக்கு மார்க்கெட்டுன்னா வெள்ளிக்கிழமைச் சந்தை. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

"மெட்ராஸ்ல ரெண்டு, கோயம்புத்தூர், மதுரை, சேலம், திருச்சி, வேலூர். ஏழு ஆச்சு. தெற்குல ஒண்ணு வேணும். நீங்களும் கல்லத்திகுளமும் ஒரே மார்க்கெட். ஒரு மார்க்கெட்டுக்கு ஒரு காலேஜ்தான் மேடம். யாரை எடுக்கலாம்?"

கேட்டாரு. நான் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன் பாத்துக்கிடுங்க. அவங்க கோர்ட் குளத்தங்கரையில இருக்கு, ஐப்பசியில மழை பிடிச்சா முட்டளவு தண்ணி நிக்கும், அது பொய்யா? எங்க ஊரு மெயின் ரோட்டு மேல இருக்கு, கேமரா வண்டி நேரா உள்ள வரலாம், அது பொய்யா? "அங்க கூட்டம் எப்படி மேடம்?"னாரு. "கூட்டம் வரும், ஆனா எல்லாம் பீடித்தட்டோட வாற கூட்டம், டிவிக்கு நல்லா இருக்குமோ என்னவோ"ன்னேன். கேட்டதுக்குப் பதில். அதோட சரி. கப்பு யாரு வாங்குனான்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்.

மே மாசம் லிஸ்ட் வந்துச்சு. எட்டாவது பேரு எங்க காலேஜு.

அன்னைக்கு மத்தியானமே சங்கரகோமதி போன் பண்ணுனா. "ஏட்டி புஷ்பம், லிஸ்ட்டைப் பாத்தியா? எங்க பேரைக் காணுமே. போன மாசம் ஒரு பையன் வந்து கோர்ட்டைப் போட்டோ எடுத்துட்டுப் போனான். உங்கிட்ட ஏதும் கேட்டானா?"

"எனக்கு என்னட்டி தெரியும்?"னேன்.

பெறகு, "சரி, நல்லா ஆடுங்க. டிவியில பாக்கோம்"னா. நல்ல மனசு அவளுக்கு. ஒரு வார்த்தை குறை சொல்லல.

அவ டீம்ல இசக்கின்னு ஒரு பிள்ளை. ரெண்டாம் வருஷம் முடிச்சிருந்தா. ஒல்லியா, கறுப்பா, பந்து கையில வந்துட்டா பிடிக்க ஆள் கிடையாது. அம்மா பீடி சுத்துறவங்க, அப்பா இல்ல. பத்தாவது படிக்கும்போதே சங்கரகோமதி கண்டுபிடிச்சு, கூடவே வச்சு வளத்த பிள்ளை. அவ எங்க காலேஜுக்கு மாறி வந்துட்டா. நான் கூட்டிட்டு வந்துட்டேன்னு அந்த ஊருல பேச்சு. நானா கூட்டிட்டு வந்தேன்? ஒரு தடவை போன் பேசினேன். "டிவியில உன் ஆட்டத்தைப் பாத்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை உன்னைத் தேடி வரும், அங்க டிவிஷன் டூவுல யாரு பாப்பா?"ன்னேன். அதுவும் உள்ளதுதானே. அந்தப் பிள்ளை சங்கரகோமதிகிட்ட அழுதுட்டுச் சொல்லியிருக்கு. அவ, "போ, உனக்கு நல்லதுன்னா போ"ன்னு டி.சி.க்கு அவளே கையெழுத்து வாங்கிக் குடுத்து அனுப்பிட்டா.

ஜூலையில ஆரம்பிச்சுது. அம்மா, அந்த வருஷம் பட்ட பாடு இருக்கே.

முன்னால வெளியூர் மேட்ச்சுன்னா பதினெட்டு கிலோமீட்டர், மிஞ்சிப்போனா முப்பது. மத்தியானம் சோறு தின்னுட்டுக் கிளம்பி, ராத்திரிச் சோத்துக்கு வீட்டுல இருப்போம். இப்ப வேலூருக்குப் பன்னெண்டு மணி நேரம். மெட்ராஸு, கோயம்புத்தூரு. வேனெல்லாம் கிடையாது, கவர்மெண்ட் பஸ்ஸுதான். பன்னெண்டு பிள்ளைங்க, பந்துப் பை, மருந்துப் பெட்டி, நான். போய் இறங்குனா கால் வீங்கிக் கிடக்கும். ஒரு மணி நேரம் கால நீட்டிப் படுக்க விட்டு, எழுப்பி ஆட விடணும். ஞாயித்துக்கிழமை திரும்பி வந்தா திங்கக்கிழமை கிளாஸுல பிள்ளைங்க தூங்கி விழும். மத்த மிஸ்மாரு என்னை ஏசுவாங்க.

மேட்ச் நேரமும் அவங்க சொல்றதுதான். சாயங்காலம் ஆம்பளைங்க விளையாட்டுக்கு ஒதுக்கியாச்சாம். எங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணி. ரெண்டு மணி வெயில்ல சிமெண்டுத் தரை எப்படி இருக்கும்? ஷூவுக்குள்ள கால் வெந்துரும். "கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி"ன்னேன். "ஸ்லாட் அப்படி மேடம்"னாரு வருண். எதுக்கெடுத்தாலும் ஸ்லாட்டு.

எங்க ஊருல மொத மேட்ச். கேமரா கிழக்குப் பக்கம் நிக்கும், அதனால சனமெல்லாம் மேக்குப் பக்கம் உக்காந்தாதான் படத்துல கூட்டம் தெரியுமாம். அங்க ஒரு மரம் கிடையாது, நிழல் கிடையாது. அப்படியும் எங்க ஊருப் பொம்பளைங்க பாவம், துண்டைத் தலையில போட்டுக்கிட்டு வந்து உக்காந்துட்டாங்க. சானல்ல இருந்து ஒரு பிள்ளை ஓடி வந்துச்சு. "மேடம், அந்தத் தட்டை எல்லாம் எடுக்கச் சொல்லுங்க. புகையிலை டிவியில வரக்கூடாது."

நான் போய்ச் சொன்னேன். ஞானப்பூன்னு ஒரு பொம்பளை, இருபது வருஷமா ஒரு மேட்ச் விட்டது இல்ல. "தட்டு இல்லாம மூணு மணி நேரம் சும்மா உக்காந்தா சாயங்காலம் கணக்கு எப்படிக் குடுப்பேன் மிஸ்ஸு? என் சோத்தை நீங்களா போடுவீங்க?"ன்னு எந்திரிச்சுட்டா. அவ பின்னாலயே எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அஞ்சு நிமிசத்துல மேக்குப் பக்கம் காலி. பெறகு பிரின்சிபால்கிட்டச் சொல்லி ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களை வகுப்பு வகுப்பா ஓட்டிட்டு வந்து, சானல் குடுத்த மஞ்சள் பனியனை மாட்டிவிட்டு உக்கார வச்சோம். கையைத் தூக்குன்னா தூக்குங்க, இறக்குன்னா இறக்குங்க. கத்தவே தெரியாத பிள்ளைங்க. ஒரு பந்து ரிங்குல விழுந்தா யாரும் சொல்லாம கை தட்டணும்னுகூடத் தெரியல.

ஆனா இசக்கி ஆடுனா பாருங்க. டிவியில வர்ணனை பண்றவன் தொண்டை கிழியக் கத்துறான், 'இசக்கி, இசக்கி'ன்னு. திருச்சியில இருபத்திரண்டு பாயிண்டு. மதுரையில முப்பது. நான் ஒரு கோச்சா மொதத் தடவை மைக்ல பேசினேன். என் பேரைக் கீழ எழுத்துல போட்டாங்க. எங்க அண்ணன் நாகர்கோவில்ல இருந்து போன் பண்ணி, "உன் பேரைப் பாத்தோம்"னான். சந்தோஷம் இருக்காதா? இருக்கத்தான் செய்யும். நானும் மனுஷிதானே.

அக்டோபர் கடைசியில ஹால் டிக்கெட் குடுத்தாங்க. பதினோரு பிள்ளைங்களுக்கு வந்துட்டு. இசக்கி என் ரூமுக்கு வந்து நிக்கா. "மிஸ், எனக்கு மட்டும் வரல."

ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். சூப்பிரண்டு, "அட்டெண்டன்ஸ் அம்பத்திரண்டு பர்சண்ட்டுதான் இருக்கு மேடம், பரீட்சை எழுத முடியாது"ங்காரு. "அவ ஊரு ஊராப் போய் ஆடிட்டு வந்திருக்கா, ஓ.டி. போட்டிருக்கணுமே?"ன்னேன். விளையாடப் போன நாளுக்கெல்லாம் வந்ததா கணக்கு வைக்கணும், அதுதான் ஓ.டி. அதுக்கு செமஸ்டருக்கு ஒரு தடவை நான் ஒரு லிஸ்ட் எழுதிக் குடுப்பேன். "லிஸ்ட்ல இந்தப் பிள்ளை பேரு இல்லையே மேடம்"ங்காரு.

ஆபீஸுன்னா உங்களுக்குத் தெரியாததா? ஆயிரம் தாளு கிடக்கும். அந்தக் கிளார்க்கு ஒருத்தன் உண்டு, எப்பப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டு. எழுதும்போது விட்டுட்டான். அப்படித்தான் இருக்கும். பிரின்சிபால்கிட்ட அதைத்தான் சொன்னேன். அவங்க யுனிவர்சிட்டிக்கு எழுதுனாங்க. தேதி முடிஞ்சு போச்சுன்னு பதில் வந்துட்டு. அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். அதுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கிடக்கணும்.

பதில் வந்த மறுநாள் கோயம்புத்தூர்ல மேட்ச். லைவ். இசக்கி இல்லாம எப்படி? கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸுல சன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பி அழுதுக்கிட்டே வந்தா. இருபத்தியாறு பாயிண்ட் போட்டா அன்னைக்கு. நல்ல பிள்ளை. தட்டிச் சொல்லத் தெரியாது.

அந்த மேட்ச்சைப் பாத்துட்டுத்தான் ஜனவரியில வேலைக்குக் கூப்பிட்டாங்க. நான் சொன்னேன்ல, தேடி வரும்னு. வந்துச்சு. ஜூன் மாசத்துக்குள்ள டிகிரி சர்டிபிகேட் வேணும்னு கேட்டாங்க. அது எங்க இருக்கு? இன்னொரு பிள்ளைக்குப் போச்சு அந்த வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவ திரும்பி வரல. கல்லத்திகுளத்துல அம்மாகூட உக்காந்து பீடி சுத்துறான்னு கேள்விப்பட்டேன். பிப்ரவரி முழுக்க அவ இல்லாமதான் ஆடுனோம். எல்லாத்துலயும் தோத்தோம்.

நான் போய்ப் பாத்திருக்கலாம். நேரம் எங்கம்மா இருந்துச்சு? சனி ஞாயிறு பஸ்ஸு, திங்கக்கிழமை முட்டு வலி.

மறு வருஷம் ஜூன்ல சீசனுக்குப் பிள்ளைங்களைச் சேத்துக்கிட்டு இருக்கேன். ஆபீஸ் பையன் ஒரு தாளைக் கொண்டு வந்து குடுத்தான். சானல்ல இருந்து ஈமெயில். லீக்கைத் தென்னிந்தியா அளவுக்கு விரிவாக்குதாங்களாம். எங்க இடத்துக்கு பெங்களூர்ல இருந்து ஒரு காலேஜ். எங்க சேவைக்கு நன்றியாம். நாலு வரி.

வருணுக்குப் போன் பண்ணுனேன். நாலு தடவை எடுக்கல. அஞ்சாவது தடவை எடுத்தாரு.

"மேடம், உங்க மார்க்கெட்ல நம்பர் வரல."

"எங்க பக்கத்துல எத்தனை வீட்டுல அந்தப் பெட்டி இருக்கு தம்பி?"

"அது சொல்லக்கூடாது மேடம்."

"ஒரு வீட்டுலயாவது இருக்கா?"

"யாருக்குமே தெரியாது மேடம், எனக்கே தெரியாது. நானே இப்ப அதுல இல்ல. கபடிக்கு மாத்திட்டாங்க."

பாருங்க. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னாங்களா? முப்பது வருஷமா ஆடுற காலேஜு. எங்க பிள்ளைங்க கால் வேக வேக ஆடுச்சே. நேருல வந்து, "இந்த மாதிரி, உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடப்போறோம்"னு முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா ஆத்துமா சமாதானப்பட்டிருக்கும். முதுகுக்குப் பின்னால வேற காலேஜ்கிட்டப் பேசி முடிச்சிருக்காங்க. அந்த பெங்களூர்க்காரங்களாவது ஒரு போன் பண்ணியிருக்க வேண்டாமா? ஒரே விளையாட்டு விளையாடுறவங்கதானே? நம்பிக் கெட்டதுன்னா இதுதாம்மா.

சரி, போனது போகட்டும்னு டிவிஷன் டூவுல ஆடலாம்னு பாத்தேன். அங்க என்னன்னா, சங்கம் கவனிக்கலன்னதும் மிச்சம் உள்ள ஏழு காலேஜும் சேந்து தனியா ஒரு லீக் நடத்திக்கிட்டு இருந்துச்சு. நடத்துறது சங்கரகோமதி. அதே சனிக்கிழமை, அதே சாயங்காலம். குளத்தங்கரைக் கோர்ட்டை மண்ணடிச்சு மேடாக்கி, தண்ணி நிக்காதபடி பண்ணிட்டா. நான் ஜூன் கடைசியில ஒரு நாள் போனேன்.

"வா புஷ்பம், உக்காரு"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டா. காபி வாங்கிட்டு வரச் சொன்னா. முட்டு எப்படி இருக்குன்னு கேட்டா. எண்ணெய் பேரெல்லாம் சொன்னா. நான் விஷயத்துக்கு வந்தேன்.

"எங்களையும் சேத்துக்கிடுங்கட்டி. பழையபடி எட்டு ஆயிரும்."

"இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் சேத்துக்கிடுதோம்."

"ஷெட்யூல் போட்டாச்சோ?"

"இன்னும் போடல."

"மத்தவங்க யாரும் வேண்டாம்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பெறகு என்ன? அடுத்த வருஷம்னா நான் இருக்க மாட்டேன்டி. மே மாசம் ரிடையர்மெண்ட்."

"தெரியும்"னா.

அவளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, சின்னதுல இருந்தே. யாரு பொறந்தநாளு, யாரு கல்யாணநாளு, எல்லாம் விரல் நுனியில. என் ரிடையர்மெண்ட் தேதிகூட வச்சிருக்கா பாத்தீங்களா. காபியைக் குடிச்சுட்டு வந்தேன். ஏன் அந்த வருஷம் வேண்டாம்னான்னு மட்டும் எனக்குப் புரியல. அவங்களுக்கு ஏதோ வசதிப்படல போல.

கடைசி வருஷம் மேட்ச்சே இல்ல எனக்கு. பன்னெண்டு பிள்ளைங்களை ஆறு ஆறாப் பிரிச்சு தினம் ஆட விட்டேன். ஒரே ஆளுகூட எத்தனை நாளைக்கு ஆடுறது? ரெண்டு மாசத்துல ஏழு பிள்ளை நின்னுட்டு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கே சலிப்பாத்தான் இருந்துச்சு. மே மாசம் மாலையைப் போட்டு, மைக்ல ரெண்டு பேரு பேசி, அனுப்பிட்டாங்க. சங்கரகோமதி வரல. சால்வை ஒண்ணு குடுத்து அனுப்பியிருந்தா. நல்ல சால்வை.

ஜூன்ல எங்க காலேஜை லீக்ல சேத்துக்கிட்டாங்க. சொன்ன சொல்லு மாற மாட்டா அவ. இன்னைக்கு ரெண்டு காலேஜுக்கும் மொத மேட்ச். ரெண்டரை வருஷம் கழிச்சு. என்னை யாரும் கூப்பிடல, ஆனா கூப்பிட்டாத்தான் போகணுமா? மத்தியான பஸ்ஸைப் பிடிச்சுப் போனேன். கூட்டம்னா கூட்டம். புது பி.டி. மிஸ்ஸுக்கு என்னை அடையாளம் தெரியல. நான் பொம்பளைங்க கூட்டத்துக்குள்ள கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன்.

கல்லத்திகுளம் பெஞ்சுல சங்கரகோமதி. பக்கத்துல அட்டையும் பேனாவுமா இசக்கி. விட்டுப்போன வருஷத்தை இங்கயே சேந்து திரும்பப் படிச்சு பாஸ் பண்ணிட்டா. சங்கரகோமதிதான் அலைஞ்சு சேத்துவிட்டாளாம். இப்ப சின்னப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. பாக்க நல்லா இருந்துச்சு.

ஹாஃப் டைம்ல எப்படியோ என்னைப் பாத்துட்டா. ஒரு கப்புல டீ எடுத்துக்கிட்டுப் படியேறி வந்தா.

"நல்லா இருக்கீங்களா மிஸ்?"

"இருக்கேன்டி. முட்டுதான். நீ எப்படி இருக்க?"

"இருக்கேன் மிஸ்."

சும்மா இருந்திருக்கலாம் நான். வாய் சும்மா இருக்கல. "அந்த டிவிக்காரன் நம்ம எல்லாரையும் நாசம் பண்ணிட்டான் மக்கா. உன் விஷயத்துலயும் பாரு, அந்தக் கிளார்க்குப் பய லிஸ்ட்ல உன் பேரை விட்டுட்டான். இல்லன்னா இன்னைக்கு நீ எங்க இருப்ப..."

"கிளார்க் விடல மிஸ்"னா.

சத்தமாச் சொல்லல. கோபமாவும் சொல்லல.

"நான் டி.சி. வாங்க வந்தன்னைக்கு சூப்பிரண்டு சார் ஃபைலை எடுத்துக் காட்டினாரு. உங்க கையெழுத்துதான் மிஸ். பதினோரு பேரு இருந்துச்சு. அதுக்குக் கீழ பன்னெண்டுன்னு நம்பர் போட்டிருந்தீங்க. பக்கத்துல ஒண்ணும் எழுதல."

அம்மா, சத்தியமாச் சொல்லுதேன், அது வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்ல. அவ சொன்னதும் அந்தத் தாளு அப்படியே கண்ணு முன்னால வந்து நிக்கி. லிஸ்ட்ல முழுப்பேரு எழுதணும், இனிஷியலோட. மத்தப் பதினோரு பேரும் ஆரம்பத்துல இருந்தே எங்கிட்ட இருக்கிற பிள்ளைங்க, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இவளை எனக்கு இசக்கின்னு மட்டும்தான் தெரியும். பனியன்ல இசக்கி, டிவியில இசக்கி, நான் கத்துறது இசக்கி. அது இசக்கியம்மாளா, இசக்கிமுத்தா, இனிஷியல் என்ன, ஒண்ணும் தெரியல. கேட்டு எழுதிக்கிடலாம்னு நம்பரை மட்டும் போட்டு வச்சேன். வேலூர் போற பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. கவர்ல போட்டு ஆபீஸ்ல குடுத்துட்டு ஓடிட்டேன். அந்த பஸ்ஸுல அவ எனக்கு முன் சீட்டுலதான் உக்காந்திருந்தா. பன்னெண்டு மணி நேரம்.

அவகிட்ட மன்னிச்சுக்கோன்னு சொல்லணும்னு தெரியுது. வாயில அது வரல. "உன் முழுப்பேரு என்னட்டி?"ன்னு கேட்டுட்டேன்.

ஆபீஸ் கவுண்டர்ல நின்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி நிறுத்தி நிதானமாச் சொன்னா. "எஸ். இசக்கிராணி மிஸ்."

விசில் ஊதிட்டாங்க. "டீயைக் குடிங்க, ஆறிரும்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

அதுக்கு மேல எனக்கு அங்க உக்கார முடியல. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வாற வழியெல்லாம் அந்தப் பேரைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். சின்னப் பேருதாம்மா. எழுத ஒரு நிமிசங்கூட ஆகாது.